தொடர்மாடி வீட்டில் ஒரு வேட்டைப் பிராணி

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடற்கரையோர ரெயில் பாதைக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் நெருங்கி எழுந்து நிற்கும் தொடர்மாடிகளிலாயினும், கொட்டாஞ்சேனையில் துறைமுகத்தின் இரைச்சல் எட்டும் தூரத்திலுள்ள பழைய ஓட்டு வீடுகளிலாயினும், ஒரு தமிழ்க் குடும்பம் முதன்முதலாகப் பூனை வளர்க்க எண்ணும்போது, அவ்வெண்ணம் பிறப்பது பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் மனத்திலாகும்; அதற்குத் தடை எழுவது சமையலறையையும் பூசையறையையும் பல்லாண்டுகளாகப் பொறுப்பேற்று நடத்திவந்த பெரியவர்களிடமிருந்தாகும். இத்தடையை அறியாமையென்று தள்ளிவிடுவது இலகு. அவர்கள் கேட்கும் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்பவர்க்கோ, அவற்றுட் பெரும்பாலானவை விலங்கியலும் வைத்திய சாஸ்திரமும் தாமே கேட்டு, நெடுங்காலம் பிரயாசைப்பட்டு விடை கண்ட கேள்விகளென்பது புலனாகும்.

நான் நன்கறிந்த ஒரு வெள்ளவத்தைக் குடும்பத்தில், ஒழுங்கையோரம் நிறுத்தியிருந்த ஓட்டோவின் அடியில் கிடந்து கத்திய சாம்பல் நிறக் குட்டியொன்றை எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன் மார்போடு அணைத்துக்கொண்டு நான்காம் மாடிக்கு ஏறி வந்தபோது, அம்மம்மா வாசலிலேயே மறித்துவிட்டார். "தம்பி, உதைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே விட்டிட்டு வா. மயிர் பறந்து ஆருக்கும் முட்டு வந்தால் ஆர் பார்க்கிறது? மச்சம் புழங்காத வீட்டில உதுக்கு என்னத்தைக் குடுப்பாய்?" என்றார். "ஒரு மூலையில இருக்கட்டுமெணை, அம்மம்மா" என்று பையன் கெஞ்சினான். தகப்பனார் விசர்நாய்க்கடி நோயை நினைவூட்டினார். தாயார் நாற்றத்தைப் பற்றிக் கவலைப்பட்டார். ஆக, பூனையைப் பற்றி ஒரு குடும்பம் அறிந்துகொள்ள வேண்டிய விஷயங்களெல்லாம் அந்த வாசற்படியிலேயே வினாக்களாக எழுந்துவிட்டன.

விடைகளைத் தேடுமுன் அந்தக் குட்டியையே சற்று உற்றுப் பார்ப்போம். அதன் உடலிலிருந்து உதிர்ந்த மயிரொன்றை யன்னல் வெளிச்சத்திற் பிடித்தால், அது ஒரே நிறமாக இராது. வெளிர்மஞ்சளும் கருமையும் மாறி மாறி வந்து, நுனி கருமையாக முடியும். மயிர் வளரும் காலத்தில், அதன் வேரிலுள்ள நிறக் கலங்கள் கருநிறப் பொருளையும் மஞ்சள் நிறப் பொருளையும் முறைவைத்து உற்பத்தி செய்வதனாலேயே இவ்வளையங்கள் உண்டாகின்றன. இவ்வாறு உடலெங்கும் கோடுகள் மங்கி, மணல் தூவினாற்போற் காணப்படும் பூனைகள் இலங்கையில் மிகுதி. இத்தாலிய மிருக வைத்தியரான பவுலோ பெலகாட்டா என்பவர் 1984 ஆம் ஆண்டில் இத்தீவில் இவற்றைக் கண்டு வியந்து, சிலவற்றைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்று வளர்த்ததனால், நம் தெருக்களில் எவரும் ஏறிட்டுப் பாராத இப்பூனைக்கு ஐரோப்பாவில் 'சிலோன் பூனை' என்றொரு தனி இனப்பெயரும் ஏற்பட்டுவிட்டது.

எனினும் இது இத்தீவின் ஆதிக்குடி அன்று. சிறுத்தை, மீன்பிடிப் பூனை, துருப்புள்ளிப் பூனை, காட்டுப் பூனை என நான்கு வகைப் பூனைக் குலத்து விலங்குகள் இலங்கையின் காடுகளிலும் சதுப்புகளிலும் இயற்கையாக வாழ்கின்றன. அவற்றுள் மீன்பிடிப் பூனை கொழும்பைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களிலேயே இன்றும் நடமாடுகின்றது. இந்நான்கில் எதுவும் வீட்டுப் பூனையின் மூதாதை ஆகாது. 979 பூனைகளின் மரபணுக்களை ஒப்புநோக்கி கார்லோஸ் டிரிஸ்கோலும் அவருடைய சகாக்களும் 2007 இல் வெளியிட்ட ஆய்வு, உலகத்து வீட்டுப் பூனைகளெல்லாம் ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் மணல் நிறமான வேறொரு காட்டுப் பூனையின் வழித்தோன்றல்களென்று காட்டியது. சைப்பிரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முந்திய புதைகுழியொன்றில் மனிதனொருவனுக்கு அருகே பூனையொன்றின் எலும்புக்கூடும் கிடைத்ததைப் பிரெஞ்சு அறிஞர்கள் 2004 இல் அறிவித்தார்கள். அத்தீவில் இயற்கையாகப் பூனைகள் இருந்ததில்லை. ஆதலால் அதனை யாரோ படகிலேற்றிக் கொண்டுவந்திருத்தல் வேண்டும். அந்த மூதாதைக் காட்டுப் பூனை வாழாத நம் தீவுக்கும் வீட்டுப் பூனை அவ்வண்ணம் கடல் கடந்தே வந்திருக்கும்.

நீரும் நிழலும் அரிதான வரண்ட நிலத்திலே, கூட்டஞ் சேராமல் தனித்திருந்து, சிறு பிராணிகளைப் பதுங்கிப் பிடித்துண்டு வாழ்ந்த ஒரு ஜீவனின் சுபாவமும் சரீர அமைப்பும் பல்லாயிரம் ஆண்டுகளின் பின்னும் பெரிதும் மாறாமல் நம் வீட்டு வரவேற்பறைக்குள் வந்திருக்கின்றன என்ற இந்த ஓர் உண்மையை மனத்திற் கொண்டால், அம்மம்மாவின் கேள்விகளுக்கும் தாயாரின் கவலைக்கும் விடை காண்பது எளிதாகும்.

மச்சத்தைப் பற்றிய கேள்வியே எல்லாவற்றிலும் கடினமானது. அதனை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நாயானது மனிதனோடு கூடச் சோறும் பருப்பும் உண்ணப் பழகிய பிராணி, பூனை அப்படியன்று. தௌரீன் என்னும் ஓர் அமிலப் பொருள் அதன் கண்ணுக்கும் இருதயத்துக்கும் இன்றியமையாதது. வேறு பல பிராணிகள் அதனைத் தம் உடலிலேயே போதிய அளவு ஆக்கிக்கொள்ளும். பூனையால் அது முடியாது. தாவர உணவில் அது அநேகமாக இல்லை. அது குறைந்த ஆகாரத்தை உண்ட பூனைகளின் விழித்திரை சிதைவதை 1975 இல் ஆராய்ச்சியாளர் கண்டார்கள். அக்குறையினால் இருதயத் தசை தளர்ந்து பூனைகள் இறப்பதை 1987 இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த போல் பியோனும் அவருடைய சகாக்களும் நிரூபித்தார்கள். கரட்டிலும் கீரையிலுமுள்ள மஞ்சட் பொருளிலிருந்து உயிர்ச்சத்து ஏ-யை ஆக்கிக்கொள்ள நம்மால் முடியும், பூனையால் முடியாது. இனிப்பை உணரும் நாக்கின் மரபணுவே அதற்குப் பழுதுபட்டுப் போயிருப்பதாக 2005 இல் அறியப்பட்டது. வட்டிலப்பத்தின் முன்னாலும் பாயசத்தின் முன்னாலும் அது அசட்டையாக இருப்பதன் காரணம் இதுவே.

ஆகவே பாலுஞ் சோறும் வைத்துப் பூனையை வளர்த்துவிடலாமென்பது அன்பினாற் செய்யும் தீங்கு. வளர்ந்த பூனைகள் பலவற்றின் குடலில் பாற்சர்க்கரையைச் சமிக்கச் செய்யும் நொதியம் குன்றிவிடுவதால், பால் வயிற்றோட்டத்தையே கொடுக்கும். நம் வீட்டுக் கறிகளில் தவறாது சேரும் வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களை உடைக்கும் ஆற்றல் வாய்ந்தவை. கறிக்குழம்பு பிசைந்த சோறு அதற்கு ஆகாது. வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய சூடை மீனைப் பச்சையாகவே நாள்தோறும் போடுவதும் தவறு, ஏனெனில் சில மீன்களின் பச்சைத் தசையிலுள்ள ஒரு நொதியம் உயிர்ச்சத்து பி1-ஐ அழித்துவிடுகின்றது. அவித்தால் அந்நொதியம் கெடும். ஆனால் தௌரீனிற் பெரும்பகுதி அவித்த நீருக்குள் இறங்கிவிடும். மீனை உப்பும் வெங்காயமுமின்றி அவித்து, முள்ளை நீக்கி, அந்நீரையும் சேர்த்தே வைக்க வேண்டும். அதுவும் முழு ஆகாரமன்று. பூனைக்கென்றே சகல சத்துக்களையும் சேர்த்துத் தயாரித்து விற்கப்படும் உலர் உணவோ தகரத்திலடைத்த உணவோதான் நம்பத்தக்கது. சைவ ஆசாரமுள்ள வீட்டுக்கு இதில் ஓர் அனுகூலமும் உண்டு. அம்மம்மாவின் சமையற் பாத்திரங்களும் அடுப்பும் மச்சத்தைத் தீண்டாமலே, உலர் உணவுப் பொதியைப் பல்கனி மூலையில் தனி டின்னில் வைத்து, தனித்தட்டிற் போட்டுவிடலாம். நான் சொன்ன குடும்பத்தில் இணக்கம் பிறந்தது இந்த ஏற்பாட்டினாலேயே. பூனையைச் சைவமாக்க முயல்வதைவிடப் பூனையின் ஆகாரத்தைச் சமையலறைக்கு வெளியே நிறுத்துவது நேர்மையான வழியென்பது என் துணிபு.

உணவைப் பற்றிப் பேசும்போதே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. குட்டிக்குக் காய்ச்சலென்று கண்டு, வீட்டில் எப்போதும் கையிருப்பிலிருக்கும் பனடோல் குளிசையில் அரையைப் பொடித்துக் கொடுத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அம்மருந்திலுள்ள பரசிற்றமோலைச் சிதைத்து வெளியேற்றும் நொதியம் பூனையின் ஈரலில் மிகக் குறைவு. தாவரங்களை உண்ணாத குலமாகையால், தாவர நஞ்சுகளை முறிக்கும் அந்த இயந்திரம் அதன் உடலில் பழுதாகிப் போயிற்று. ஒரேயொரு குளிசை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது.

இனி, நாற்றம். வரண்ட நிலத்துப் பிராணியாதலால் பூனையின் சிறுநீரகம் நீரை இறுகப் பிடித்து, மிகச் செறிந்த மூத்திரத்தையே வெளிவிடும். அதில் பெலினின் என்ற கந்தகஞ் சேர்ந்த பொருளொன்றுண்டு. அது சிதைவதனாலேயே அந்தத் தனி நாற்றம் பிறக்கின்றது. அதன் உற்பத்தியில் ஈடுபடும் புரதத்தை யப்பானிய ஆராய்ச்சியாளர் 2006 இல் விளக்கினார்கள். பெலினின் மிகுதியாகச் சுரப்பது கருத்தடை செய்யப்படாத ஆண் பூனையிலேயே. உரிய வயதில் சத்திரசிகிச்சை செய்வித்தால் நாற்றமும் குறையும், சுவரிற் பீச்சி எல்லையிடும் வழக்கமும் பெரும்பாலும் எழாது. மலசலத்தை மணலிற் புதைப்பது பூனைக்கு எவரும் கற்பிக்க வேண்டாத வித்தை. ஆழமற்ற தட்டொன்றில் துப்புரவான மணலையோ, கடைகளில் விற்கும் களிமண் துணிக்கைகளையோ நிரப்பி, சாப்பாட்டுத் தட்டுக்குத் தூரமாக வைத்தாற் போதும். நாள்தோறும் அதைத் துப்புரவு செய்வதுதான் மனிதர் கற்க வேண்டியது.

அந்த நாளாந்தத் துப்புரவுக்கு வைத்திய நியாயமும் உண்டு. 1908 இல் தூனிஸ் நகரில் கண்டறியப்பட்ட தொக்சொபிளாஸ்மா என்ற நுண்ணுயிரானது பூனையின் குடலிலேயே பால்முறையில் இனம்பெருக்குமென்பது 1970 ஆம் ஆண்டளவில் தெளிவாயிற்று. கருவுற்ற தாய்மாருக்கு அது முதன்முறை தொற்றினால் வயிற்றுச் சிசுவுக்கு ஊறு நேரக்கூடும். பொதுவாகப் பூனையானது தன் ஆயுளில் முதற்றொற்றின்போது மாத்திரம், ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை, இதன் முட்டைகளை வெளிவிடும். அவ்வாறு வெளிவந்தவையும் தொற்றும் வலிமை பெறக் குறைந்தது ஒரு நாளாவது செல்லும். எனவே கழிவை அன்றன்றே அகற்றி, கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, பூனைக்குப் பச்சை இறைச்சி கொடாமலிருந்தால் ஆபத்துப் பெரிதும் நீங்கும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் மணற்றட்டைத் துப்புரவாக்கும் வேலையை வேறொருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத மரக்கறியுங்கூட இந்நுண்ணுயிரைக் கொண்டுவரும் வழிகளே.

அம்மம்மா அஞ்சிய முட்டு வருத்தத்துக்கு அடிப்படை இல்லாமலில்லை. குற்றவாளி மயிரன்று, பூனையின் உமிழ்நீரிலும் தோற் சுரப்பிகளிலும் ஊறும் ஒரு புரதம். பூனை தன் உடலை ஓயாது நக்குவதனால் அது மயிரில் ஒட்டி, உலர்ந்து, மிக நுண்ணிய துகள்களாகக் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கின்றது. ஒவ்வாமையுள்ளவருக்கு அது தும்மலையும் கண்ணரிப்பையும் இழுப்பையும் உண்டாக்கும். ஒவ்வாமை இல்லாதவரை ஒன்றுஞ் செய்யாது. ஆகையால் வீட்டில் ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர் இருந்தால், குட்டியைக் கொண்டுவந்தபின் தவிப்பதைக் காட்டிலும், முன்னரே வைத்தியரிடம் ஒவ்வாமைப் பரிசோதனை செய்துகொள்வதும், பூனையுள்ள உறவினர் வீட்டில் அவர் சில மணி நேரம் இருந்து பார்ப்பதும் அறிவுடைமை. சோதனையில் ஒவ்வாமை உறுதியானால், பிள்ளை அழுதாலும், அந்த வீட்டுக்குப் பூனை வேண்டாமென்றே நான் சொல்வேன்.

தகப்பனாரின் அச்சம் இலங்கையின் சரித்திரத்திலேயே வேரூன்றியது. 1893 ஆம் ஆண்டிலேயே விசர்நாய்க்கடி நோய்க்கெனத் தனிச் சட்டம் இயற்றிய நாடு இது. 1973 இல் மாத்திரம் 377 பேர் இந்நோயால் இங்கு மாண்டனர். பிற்காலத்தில் தடுப்பூசியின் பரவலினால் அத்தொகை ஆண்டொன்றுக்குச் சில பத்துகளாகச் சுருங்கியிருப்பது இந்நாட்டுச் சுகாதார சேவையின் பெருஞ் சாதனைகளில் ஒன்று. நோயைப் பரப்புவதில் முதலிடம் நாய்க்கே. ஆயினும் பூனைக்கும் அது தொற்றும், பூனை கடித்தாலும் மனிதருக்குத் தொற்றும். கிருமி உமிழ்நீரிலிருந்து காயத்தினுட் புகுந்து, நரம்பு வழியே மூளையை நோக்கி மெல்ல ஊர்கின்றது; நோய்க்குறிகள் தோன்றிவிட்டால் அநேகமாக உயிர் தப்புவதில்லை. அந்த மெல்லிய பயணமே நமக்குக் கிடைக்கும் அவகாசம். கடித்த இடத்தை ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டு 15 நிமிஷம் கழுவி, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். கோப்பித் தூள், மஞ்சள் முதலியவற்றைக் காயத்தில் அப்புவது காலத்தை வீணாக்குவதாகும். வீட்டுப் பூனைக்கு மிருக வைத்தியர் குறிக்கும் வயதில் முதலூசியும், பின்னர் ஆண்டுதோறும் மீளூசியும் போடுவித்து, அதன் அட்டையைப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரப்படுத்துவதே தகப்பனாரின் கேள்விக்குத் தக்க விடை.

எலியை ஒழிக்குமென்ற நம்பிக்கையிற் பூனையை வரவேற்பவர்களும், குறிப்பாகக் கொட்டாஞ்சேனைப் பக்கத்தில், உண்டு. துறைமுகத்தையும் அரிசிக் கிட்டங்கிகளையும் அண்டி வாழும் மக்கள் எலிக்கு அஞ்சுவது இயல்பே. 1914 இல் கொழும்பில் கொள்ளைநோய் புகுந்தபோது, அரிசி வியாபாரத்தோடு வந்த எலிகளே அதற்கு வழியெனக் கருதப்பட்டது. ஆனால் நியூயோர்க் நகரின் குப்பை நிலையமொன்றில் தெருப்பூனைகளையும் எலிகளையும் 79 நாட்கள் கண்காணித்து 2018 இல் வெளியிட்ட ஆய்வில், பூனைகள் கொன்ற எலிகள் இரண்டே. சுண்டெலியைப் பூனை விரும்பிப் பிடிக்கும். வளர்ந்த சாக்கடைப் பெருச்சாளியோடு மோதத் தயங்கும். எலிக்கு மருந்து குப்பையை மூடிவைப்பதும் ஓட்டைகளை அடைப்பதுமே.

இனிச் சுபாவத்துக்கு வருவோம். 1980களில் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் நடத்திய பரிசோதனைகள், பிறந்து 2 முதல் 7 வாரங்களுக்குள் மனிதர் கைபட்ட குட்டியே பின்னர் மனிதரை நம்பும் என்று காட்டின. ஆகவே முற்றத்துத் தாய்ப்பூனையொன்றின் குட்டியை எடுக்க எண்ணுபவர், அதைத் தாயிடமிருந்து பிரிக்காமலே நாள்தோறும் சிறிது நேரம் கையிலெடுத்துப் பழக்கி, எட்டு வாரங் கழிந்தபின் கொண்டுவருதல் நன்று. வந்த முதல் நாட்களில் ஓர் அறையே அதற்குப் போதும். நம் செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகளோடு நின்றுவிட, பூனையின் செவி 85,000 அதிர்வுகள் வரை கேட்பது. கடற்கரை ரெயிலும் காலி வீதியின் ஹோர்ன் ஒலியும் தீபாவளி வெடியும் அதற்கு எத்தகைய கலக்கத்தைத் தருமென்று எண்ணிப் பார்த்தால், கட்டிலின் கீழ் ஒளிந்திருக்கும் குட்டியை இழுத்தெடுக்க மனம் வராது.

சூரிச் நகரில் டெனிஸ் டேர்ணர் குழுவினர் நெடுங்காலம் வீடுகளில் அவதானித்த ஒரு செய்தி என்னைப் பெரிதும் கவர்ந்தது: மனிதர் தேடிப் போய்த் தொடங்கும் உறவாடலிலும், பூனை தானாக வந்து தொடங்கும் உறவாடலே நீண்டு நிலைக்கின்றது. தனித்து வேட்டையாடும் பிராணிக்கு உற்று நோக்கும் கண் பகையின் அடையாளம். மெல்ல மூடித் திறக்கும் கண்ணோ நட்பின் சைகையென்று 2020 இல் இங்கிலாந்து ஆய்வொன்று கூறியது. அம்மம்மா அந்தக் குட்டியைப் பாராமல், தொடாமல், பின்னேரங்களில் சாய்மனைக் கதிரையில் தேவாரப் புத்தகத்தோடு அரைக்கண் மூடியிருந்தார். பையன் அதனைத் துரத்தித் துரத்திக் கொஞ்சினான். குட்டி போய் ஏறிப் படுத்தது அம்மம்மாவின் மடியிலேதான். அவர் அதைத் தள்ளிவிடவில்லை. சேலைத் தலைப்பை மாத்திரம் சற்று இழுத்து விட்டுக்கொண்டார்.

தொடர்மாடியில் வாழ்வோர் பல்கனிக்கு வலை அடிக்கத் தவறலாகாது. கீழே விழும் பூனை அந்தரத்தில் உடலைத் திருப்பிக் காலூன்றுவதை 1894 இல் பிரெஞ்சு அறிஞர் மாரே தொடர் புகைப்படங்களாற் காட்டினார். நியூயோர்க்கில் மாடிகளிலிருந்து விழுந்து வைத்தியசாலைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றிய 1987 ஆம் ஆண்டு அறிக்கை, சிகிச்சை பெற்றவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்ததாகக் கூறும். விழுந்தவிடத்திலேயே இறந்தவை அக்கணக்கில் வரவில்லை. பிழைத்தவற்றுட் பலவும் தாடையோ நெஞ்சோ அடிபட்டே வந்தன. காகத்தின்மேற் பாயும் வேட்டைப் பிராணிக்கு நான்காம் மாடியின் உயரம் அந்தக் கணத்தில் தெரியாது.

கடைசியாக, கொழும்புத் தமிழ்க் குடும்பங்களுக்கென்றே ஒரு வேண்டுகோள். நன்கு பேணப்படும் வீட்டுப் பூனை 15 ஆண்டுகள் வரை, சிலவேளை அதற்கு மேலும், உயிர்வாழும். அதனைத் தூக்கிவரும் பதின்மூன்று வயதுப் பிள்ளை அதற்குள் பல்கலைக்கழகம் புகும், தொழில் தேடும், கனடாவுக்கோ இலண்டனுக்கோ போய்விடும். பூனை எஞ்சுவது இன்று 'வேண்டாம்' என்று சொல்லும் தாயாரிடத்திலும் அம்மம்மாவிடத்திலுமே. குடும்பத்தோடு புலம்பெயர்ந்தவர்கள் வீட்டைப் பூட்டித் திறப்பைக் கையளித்துவிட்டுச் செல்ல, படிக்கட்டில் விடப்பட்ட பூனைகள் மூடிய கதவடியில் நாட்கணக்காகக் காத்திருப்பதை வெள்ளவத்தையில் நான் கண்டிருக்கிறேன். ஆகவே பெரியவர்களின் மனப்பூர்வமான சம்மதத்தைப் பெற்றபின்பே குட்டியைக் கொண்டுவாருங்கள். விசாவுக்கு மனுச் செய்து காத்திருப்பவர்கள், தாம் போனபின் அதனைப் பொறுப்பேற்பவர் யாரென்பதைத் தீர்மானித்த பின்பே கொண்டுவாருங்கள்.